குரோனோகிராஃப் தவறாகக் காட்டும்போது: பழுதைக் கண்டறிவதும் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுசெல்வதும்

ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பெல்லட்டுகளை (சிறு குண்டுகளை) ஒரே ஏர் ரைஃபிளில், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியில் வைத்து, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியின் வழியாகச் சுடுகிறீர்கள். முதல் ஐந்து ஷாட்களும் நொடிக்கு 171 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் இடையே பதிவாகின்றன. ஆறாவது ஷாட் 214 என்று வருகிறது. ஏழாவதற்குத் திரையில் வெறும் பிழைக் குறிதான் நிற்கிறது. இந்த இடத்தில் சிலர் துப்பாக்கியின் வால்வைச் சந்தேகிக்கிறார்கள், சிலர் கருவியின் திருகுகளைக் கழற்றத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலான நேரங்களில் இரண்டின் மீதும் குற்றமில்லை. கருவி இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சரியாகவே அளந்திருக்கிறது. அந்த நிகழ்வுகளில் ஒன்று உங்கள் பெல்லட் அல்ல, அவ்வளவுதான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "இந்தக் கருவி இப்போது எதைப் பார்த்தது?" என்ற கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம். கணினிக்குப் பதிவுகளை மாற்றும்போதும் அதே கேள்விதான் உதவும்.

கருவி உண்மையில் என்ன அளக்கிறது

பரவலாகப் பயன்பாட்டில் இருப்பது ஒளி வகைக் குரோனோகிராஃப். அதில் இரண்டு ஒளி சென்சார்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மேல்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். பெல்லட்டோ தோட்டாவோ மேலே கடக்கும்போது சென்சாரில் விழும் ஒளி ஒரு கணம் மங்குகிறது. முதல் மங்கலில் கடிகாரம் ஓடத் தொடங்கி, இரண்டாவது மங்கலில் நிற்கிறது. இடைவெளியை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் அதைக் கடக்க ஏறத்தாழ 1,714 மைக்ரோநொடிகள் ஆகும். நொடிக்கு 800 மீட்டரில் செல்லும் தோட்டாவுக்கு 375 மைக்ரோநொடிகள் போதும். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பது பழுது கண்டறிவதில் மிகவும் பயன்படும். அந்த 214 என்ற அளவுக்குக் கருவி எண்ணிய நேரம் 1,402 மைக்ரோநொடிகள். அதாவது கடிகாரம் ஏறத்தாழ 312 மைக்ரோநொடிகள் தாமதமாகத் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது அவ்வளவு முன்னதாக நின்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெல்லட் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பெல்லட்டின் நீளமே ஆறு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், இது பெல்லட்டின் முனையைப் பார்த்ததா வாலைப் பார்த்ததா என்ற சிறு குழப்பமாக இருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த வேறொன்று சென்சாரைத் தூண்டியிருக்கிறது.

அந்த முனை-வால் குழப்பமும் தனியாக உண்டு. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது ஒரு சென்சார் பெல்லட்டின் முனையிலும் மற்றொன்று அதன் வாலிலும் தூண்டப்படலாம். 300 மில்லிமீட்டரில் ஆறு மில்லிமீட்டர் என்பது இரண்டு விழுக்காடு, அதாவது நொடிக்கு மூன்றரை மீட்டர். பிழைக் குறி எதுவும் வராது, எண்களும் நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் துப்பாக்கி சீராகச் சுடவில்லை என்ற பொய்யான முடிவுக்கு உங்களைக் கொண்டுபோய்விடும். அப்பட்டமான தவறுகளைவிட எனக்கு இதன் மீதுதான் பயம் அதிகம்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன்

கருவி எப்போதும் குழல்முனைக்கு முன்னால்தான் நிற்கும். எனவே அதைச் சரிசெய்ய நகரும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, குண்டு ஏற்றும் அறையைத் திறந்து வைத்துவிட்டு, சுடுதளத்தில் மற்றவர்களும் சுடுவதை நிறுத்திய பிறகே முன்னே செல்ல வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருப்பதும், பின்னால் உறுதியான தடுப்பு இருப்பதும் சொல்லாமலே விளங்கும். "ஒரு நொடி வேலைதானே" என்று தோன்றும் இடம்தான் இது. அதனாலேயே முதல் படியாக வைத்திருக்கிறேன்.

படி 2: மின்கலமும் இணைப்புகளும்

பல ஒளி வகைக் கருவிகள் 9 வோல்ட் மின்கலத்தில் இயங்குகின்றன. மின்கலம் பலவீனமானால் திரை அணைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திரைக்குத் தேவையான மின்சாரம் மிகக் குறைவு. அது எரிந்துகொண்டிருக்கும்போதே சென்சார் சுற்று தடுமாறத் தொடங்கிவிடும். புதிய ஆல்கலைன் மின்கலம் மல்டிமீட்டரில் 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகைகளில் மேலே 9 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே உள்ள செல்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பெயரளவு மின்னழுத்தம் 8.4 அல்லது 7.2 வோல்ட்தான் இருக்கும். அதை வைத்துச் சோதித்துவிட்டு "மின்கலம் முழுசாகச் சார்ஜ் ஆகியிருந்தது" என்று சொல்வதில் பொருளில்லை. சந்தேகம் இருந்தால் புதிய ஆல்கலைன் ஒன்றைப் போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

அடுத்து கம்பிகள். மடித்து வைக்கும் வகைக் கருவிகளில் கீலின் ஓரமாகச் செல்லும் கம்பி நாளடைவில் உள்ளே முறிந்துவிடும். வெளியுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கருவியை இயக்கி வைத்து, கம்பியை மெல்ல அசைத்தபடியே திரையைக் கவனியுங்கள். செருகும் முனைகளைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் அழுக்கு போய்விடும். சென்சார்களைத் தனித்தனியே கழற்றக்கூடிய மாதிரியாக இருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு: முன்னதையும் பின்னதையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். பிழையும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி சென்சார். மாறாமல் அதே பக்கத்தில் இருந்தால் கம்பியையோ உட்சுற்றையோதான் பார்க்க வேண்டும்.

சென்சார் அமர்ந்திருக்கும் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருமுறை இரண்டாவது சென்சார் எதையும் பதியவில்லை என்று மின்கலம், கம்பி, மென்பொருள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் குனிந்து பார்த்தபோது, குழிக்குள் சிலந்தி ஒன்று நேர்த்தியாக வலை பின்னி வைத்திருந்தது. உலர்ந்த தூரிகையால் ஒரு முறை துடைத்ததும் வேலை முடிந்தது.

படி 3: ஒளி

பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. சென்சாருக்குத் தேவை சீரான, பரவலான, நிலையான ஒளி. மிகுதியான ஒளி அல்ல. திறந்த வெளியில் வெயில் நேராகச் சென்சாருக்குள் விழுந்தால் பெல்லட்டின் சிறு நிழல் அந்த வெள்ளத்தில் கரைந்துவிடும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: ஒளி பக்கவாட்டில் வந்து பளபளப்பான பெல்லட்டின் அடிப்பகுதியில் பட்டுத் தெறிக்கும். சென்சாருக்கு அப்போது நிழலுக்குப் பதிலாக மினுக்கம் தெரியும். தோட்டாவின் அடிப்பகுதியை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிச் சுட்டுப் பார்ப்பது இதை உறுதிசெய்ய எளிய வழி. எண்கள் உடனே சீராகிவிட்டால் காரணம் தெறிப்பொளிதான்.

சென்சார்களுக்கு மேலே நிற்கும் தாங்குகம்பிகளில் பொருத்தும், ஒளியைப் பரப்பும் வெள்ளை நிற டிஃப்யூசர்கள் தெளிந்த நீல வானத்துக்கும் நேர் வெயிலுக்கும் உரியவை. வானம் முழுவதும் மேகம் மூடியிருந்தால் மேகமே டிஃப்யூசராகிவிடுகிறது. அப்போது அவற்றைக் கழற்றிவிட்டால் ஒளி கூடி அளவீடு நன்றாக இருக்கும். தொல்லை தருவது மேகங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நாள்தான். அன்றைக்குக் கருவியை முழுமையாக நிழலில் வைத்து, டிஃப்யூசர்களையும் மாட்டிச் சுடுவதே மேல்.

உள்ளரங்கில் விளக்குகள் எதிரியாகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. நம் கண் அதைக் கவனிப்பதில்லை, சென்சாருக்கு ஒவ்வொன்றும் ஒரு பெல்லட்டாகத் தெரியலாம். மலிவான எல்இடி விளக்குகளிலும் இதே சிக்கல் உண்டு. யாரும் சுடாதபோதே திரையில் எண்ணோ பிழைக் குறியோ தோன்றினால் முதலில் விளக்கை அணைத்துப் பாருங்கள். நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி பட்டைகளோ, தயாரிப்பாளர் தரும் அகச்சிவப்பு விளக்குத் தொகுதியோ இருந்தால் பிரச்சினை தீரும். பழைய இழை பல்புகள் சூடாகவே இருப்பதால் இவற்றைவிடக் குறைவாகவே மினுக்கும், ஆகவே அவசரத்துக்கு உதவும்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சுடாமலே அறிய, ஒரு குச்சியை இரண்டு சென்சார்களுக்கும் மேலே வேகமாக வீசிப் பாருங்கள். வேகம் மிகக் குறைவு என்று பிழைக் குறி வந்தாலும் கவலையில்லை. கருவி எதையோ பார்த்தது என்பதுதான் அங்கே விடை.

படி 4: தூரமும் கோடும்

குழல்முனைக்கு அருகில் கருவியை வைத்தால் வெளியேறும் வாயு, எரியாத மருந்துத் துகள், அதிர்வு ஆகியவை பெல்லட்டுக்கு முன்பாகவே சென்சாரைத் தூண்டக்கூடும். வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி வைப்பது வழக்கம். ஏர் ரைஃபிளுக்கு ஒரு மீட்டர் பெரும்பாலும் போதும். எந்தப் பெல்லட்டைச் சுட்டாலும் எண்கள் நொடிக்கு 340 மீட்டரை ஒட்டியே வந்து குவிந்தால், கருவி குழல்முனையின் ஒலியலையை அளக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர்.

பெல்லட் செல்லும் பாதை இரண்டு சென்சார்களையும் ஒரே உயரத்தில், கருவிக்கு இணையாகக் கடக்க வேண்டும். ஐந்து டிகிரி சாய்வு 0.4 விழுக்காடு அளவுக்கே வேகத்தைக் குறைத்துக் காட்டும். அது பெரிதல்ல. ஆனால் கீல் முழுமையாக விரியாமல் சென்சார் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் சுருங்கினால் ஒரு விழுக்காடு போய்விடும். சட்டத்தை விரித்து, முனைவரை அழுத்தி, மட்டம் பார்த்து முக்காலியில் இறுக்குங்கள். பாதை சென்சாருக்கு மிக உயரத்தில் இருந்தால் நிழல் மெலிந்து ஷாட்கள் தவறும். மிகத் தாழ்ந்தால் அடுத்து தவறப்போவது கருவியின் ஆயுள்.

படி 5: ரேடார், காந்த வகைக் கருவிகள்

குண்டில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார் கருவிகளுக்கு ஒளியைப் பற்றிய கவலை இல்லை. 24 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் கருவிக்கு நொடிக்கு 175 மீட்டரில் விலகிச் செல்லும் பெல்லட் ஏறத்தாழ 28 கிலோஹெர்ட்ஸ் அலைவெண் மாற்றமாகத் தெரிகிறது. இங்கே வரும் பிழைகள் மூன்று வகை. கருவி இலக்கை நோக்கித் திரும்பியிருக்காது. வேக வரம்பு ஏர் ரைஃபிளுக்குப் பதிலாக வெடிமருந்துத் துப்பாக்கி என்று அமைந்திருக்கும். அல்லது ஒலியால் தூண்டப்படும் மாதிரிகளில் ஏர் ரைஃபிளின் மெல்லிய சத்தம் போதாமல் அளவீடே தொடங்காது. மூன்றாவதற்கு உணர்திறனைக் கூட்டலாம், அல்லது தூண்டும் உறுப்பைத் துப்பாக்கிக்கு அருகே கொண்டுவரலாம். குழலில் கட்டும் காந்த வகையில், குண்டின் பாதைக்கும் சென்சார் பட்டைக்கும் உள்ள இடைவெளியைத் தயாரிப்பாளர் தரும் அளவுகோலால் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். அதன் எடையால் குண்டு படும் இடம் மாறும் என்பதால் அது மாட்டியிருக்கும்போது துப்பாக்கியின் குறிபார்க்கும் அமைப்பைத் திருத்தாதீர்கள்.

படி 6: எண் சரியா என்று சோதித்தல்

வேகம் ஏற்கெனவே தெரிந்த, சீரான துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்வதுபோல் எளிய சோதனை இல்லை. இன்னொரு கருவி இரவல் கிடைத்தால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பத்து முறை சுடுங்கள். பின்னால் இருப்பது சற்றே குறைவாகக் காட்டுவது இயல்பு; அந்த வேறுபாடு ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது. திரையில் 574 என்று வந்தால் பதற வேண்டாம்: அது நொடிக்கு 175 மீட்டரின் அடிக்கணக்கு. ஒரு மீட்டர் என்பது 3.28084 அடி.

படி 7: கணினிக்குக் கொண்டுசெல்லுதல்

கருவி ஒழுங்காக அளக்கிறது என்று உறுதியான பிறகே கேபிளை எடுங்கள். இரண்டு சிக்கல்களையும் ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் பிடிபடாது. கருவியின் வயதைப் பொறுத்து வழி மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது சீரியல் கேபிள். பழைய கருவிகளில் ஒன்பது முனை ஆர்எஸ்-232 இணைப்பு இருக்கும். இன்றைய கணினியில் அந்தத் துளை இல்லாததால் யூஎஸ்பி மாற்றி தேவை. மாற்றியைச் செருகியதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்கள் பிரிவில் புதிய காம் எண் (அந்த இணைப்புக்கு விண்டோஸ் தரும் COM பெயர்) தோன்ற வேண்டும். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் பொருந்தவில்லை அல்லது மாற்றியில் உள்ள சில்லு போலி. லினக்ஸில் போர்ட் தெரிந்தும் திறக்க மறுத்தால், பல பதிப்புகளில் உங்கள் பயனர் பெயரை டயலவுட் (dialout) என்ற பயனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

மாற்றியின் மீது சந்தேகமா? கருவியைக் கழற்றிவிட்டு, மாற்றியின் ஒன்பது முனைகளில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் டெர்மினல் மென்பொருளில் அந்தக் காம் எண்ணைத் திறந்து, தட்டுவதை மென்பொருளே திரையில் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு, ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் மாற்றி, டிரைவர், போர்ட் மூன்றும் நலம். கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நின்றுவிட வேண்டும். இந்த இரண்டு நிமிடச் சோதனை எத்தனையோ மாலைப்பொழுதுகளை மிச்சப்படுத்தும்.

பிறகு வேக அமைப்பு. நொடிக்கு 9,600 பிட்டுகள், எட்டு தரவு பிட், பாரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட், ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்பது பரவலான அமைப்பு. உங்கள் கருவியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. திரையில் புரியாத குறிகள் கொட்டினால் வேக அமைப்பு தவறு. எதுவுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருக்கலாம். குறுக்கிணைப்புக் கேபிள் போட்டுப் பாருங்கள். எல்லா வரிகளும் ஒரே வரியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டால் வரி முடிவுக் குறியைத் திருத்தினால் போதும், பதிவுகள் நன்றாகவே வந்துகொண்டிருக்கின்றன. முதல் சில ஷாட்கள் மட்டும் விடுபட்டால் நீங்கள் கருவியில் "அனுப்பு" என்பதை அழுத்திய பிறகே பதிவைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: சிறு மின்னணுப் பலகைகளுக்கான 3.3 அல்லது 5 வோல்ட் மாற்றியை ஆர்எஸ்-232 துளையில் இணைக்காதீர்கள்; அங்கே வரும் மின்னழுத்தம் கழித்தல் பக்கமும் கூட்டல் பக்கமும் 15 வோல்ட் வரை போகக்கூடும், மாற்றி எரிந்துவிடும்.

இரண்டாவது வழி நினைவக அட்டை அல்லது நேரடி யூஎஸ்பி. இணைத்ததும் கருவி சார்ஜ் ஆகிறது, ஆனால் கணினியில் எதுவும் தோன்றவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. அட்டையைப் பொறுத்தவரை பல கருவிகள் ஃபேட்32 வடிவத்தை மட்டுமே படிக்கும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் வடிவில் வருவதால் கருவி அவற்றை மறுத்துவிடும். சிறிய அட்டையை வாங்கிக் கருவியிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்கலம் தீர்ந்தாலோ அட்டையைப் பிடுங்கினாலோ கடைசிக் கோப்பு பாழாகும். முறைப்படி அணைத்த பிறகே எடுங்கள்.

மூன்றாவது புளூடூத். இங்கே பலரும் தவறுவது ஒரே இடத்தில்: ஃபோனின் புளூடூத் பட்டியலில் கருவியைத் தேடுகிறார்கள். குறைமின் புளூடூத் கருவிகளைப் பெரும்பாலும் அவற்றுக்குரிய செயலிக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் இருப்பிட அனுமதி தராவிட்டால் செயலியால் கருவியைக் கண்டுபிடிக்கவே முடியாது. 12-இலிருந்து அருகிலுள்ள சாதனங்களுக்கான தனி அனுமதி வந்துவிட்டது. பழைய ஃபோன் ஒன்று பையில் இணைந்தபடியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். செயலிக்கு வந்த தொடரை சிஎஸ்வி கோப்பாக (எண்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) ஏற்றுமதி செய்து கணினிக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

படி 8: கோப்பைத் திறத்தல்

மூலக் கோப்பை இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். முதலில் நகல் எடுத்து, மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். எல்லா எண்களும் முதல் நெடுவரிசையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் கோப்பில் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி பிரிப்பானாக இருக்கிறது; டேட்டா பட்டியலில் உள்ள உரை இறக்குமதி வழியாகத் திறந்து பிரிப்பானை நீங்களே சொல்லுங்கள். தசமத்துக்குக் காற்புள்ளி இடும் அமைப்பில் எழுதிய கோப்பாக இருந்தால் 173,4 என்பது 1734 ஆக மாறியிருக்கலாம். தொடர் எண் 0012 வெறும் 12 ஆவதும், 1-5 என்ற குறிப்பு தேதியாக மாறுவதும் இதே இடத்தில்தான். அந்த நெடுவரிசைகளை உரை என்று குறித்துவிட்டால் மாறாது.

படி 9: கணக்கு

மேலே சொன்ன முதல் ஐந்து ஷாட்களை எடுத்துக்கொள்வோம்: 172, 174, 173, 171, 175. சராசரி 173, பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் வேறுபாடு 4. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தை எக்செலின் ஸ்டிடெவ் டாட் எஸ் (STDEV.S) என்ற சூத்திரம் 1.58 என்றும், ஸ்டிடெவ் டாட் பி (STDEV.P) 1.41 என்றும் தரும். முன்னது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து நான்கால் வகுக்கிறது, பின்னது ஐந்தால் வகுக்கிறது. கருவியின் திரையில் உள்ள எண்ணும் உங்கள் தாளில் உள்ளதும் சிறிதளவு வேறுபட்டால் பெரும்பாலும் இதுவே காரணம். சில ஷாட்களை மாதிரியாகக் கொண்டு துப்பாக்கியை மதிப்பிடுகிறோம் என்பதால் நமக்குப் பொருந்துவது முன்னதுதான்.

இப்போது அந்த 214-ஐயும் சேர்த்துப் பாருங்கள்: சராசரி 179.8 ஆகிறது, திட்ட விலக்கம் 16.8-க்குத் தாவுகிறது. ஒரு பொய் அளவு முழுத் தொடரையும் கெடுத்துவிடுகிறது. அதற்காகப் பிடிக்காத எண்களையெல்லாம் நீக்கும் பழக்கமும் வேண்டாம். சுடும்போதே "மேகம் கடந்தது", "விளக்கு மினுக்கியது" என்று கையால் குறித்து வைத்த காரணம் இருந்தால் மட்டுமே நீக்குங்கள். நீக்கியதையும் தனி நெடுவரிசையில் குறியிட்டு வையுங்கள். ஐந்து ஷாட்களில் கிடைத்த திட்ட விலக்கத்தின் மீதும் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது: உண்மை மதிப்பு அதன் 0.6 மடங்கு முதல் 2.9 மடங்கு வரை எங்கும் இருக்கலாம் என்பதே 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி. இரண்டு பெல்லட் வகைகளை ஒப்பிடுவதாக இருந்தால் இருபது ஷாட்களாவது சுடுங்கள்.

ஆற்றலையும் கணக்கிடுவதானால் எடையின் அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டரில் 8.1 ஜூல் தரும். அதே பெல்லட்டின் எடை, குண்டுகளுக்கு வழங்கும் சிறு அலகான கிரெயினில் 8.2; அந்த 8.2-ஐக் கிராம் என்று தட்டிவிட்டால் தாள் 126 ஜூல் என்று சொல்லும், தயங்காமல்.

கடைசியாக, கோப்பில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் கைக்குறிப்பில் உள்ள ஷாட்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒத்துப்போன பிறகே கருவியின் நினைவகத்தை அழியுங்கள்.